என் அக்காவும் குடைப் பட்டனும்

என் அக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு குடைதான் வாங்கியிருக்கிறாள். அதையும் வாங்கிய அன்றே பேருந்தில் விட்டுவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "வெயில்தானே அடிக்குது, வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்" என்றாள். அப்படிப்பட்டவளால்தான் எங்கள் மாநிலம் குடை வாங்குவதில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது. அச்சடித்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாநிலம் முழுக்க முப்பத்தொரு கிளை உள்ள பெரிய கடை ஒன்றில், எங்கள் கிளையின் ஒன்றாம் நம்பர் பில் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். உயரமான முக்காலி, அதன்மேல் பழைய சோபாவிலிருந்து வெட்டியெடுத்த பஞ்சு மெத்தை. மூக்குக் கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மற்ற மூன்று கவுண்டரும் காலியாக இருந்தாலும் ஆட்கள் அவளிடம்தான் வரிசை கட்டுவார்கள்.

வாயும் அதே வேகம். தப்பு செய்தேன் என்று மட்டும் அந்த வாய் சொன்னதில்லை. ஒருமுறை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று கிளம்பியவள், வேறு ஏதோ பள்ளிக்கூடத்துக்குள் போய், வேறு யாருடைய ஆசிரியரிடமோ ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். "எதுக்கும் ரெண்டு ஸ்கூலையும் ஒப்பிட்டுப் பாக்கணும் இல்ல?" என்று சொல்லிவிட்டாள். மச்சான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசி ரொம்ப நாளாகிறது.

நான் இருப்பது அதே கடையில், மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நாற்பத்திரண்டு இழுப்பறை. ஸ்க்ரூ, வாஷர், கீல், கொக்கி, குக்கர் பிடி, வாளிக் காது, கொடிக்கயிறு என்று எல்லாம் உதிரியாகக் கொடுப்பேன். அதோடு பின்பக்கக் கிடங்குச் சாவியும் என்னிடம்தான். சாமான் இறக்குவது, அடுக்குவது எல்லாம் என் வேலை.

எங்கள் ஆட்கள் கடைக்கு வரும் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. சோப்பு எடுக்கிறவர் யாரும் முன்னால் இருப்பதை எடுக்கமாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்துதான் உருவுவார். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நாளில் நான் அடுக்கியதுதான், சொன்னால் நம்பமாட்டார். வீட்டில் எழுதிக் கொடுத்த சீட்டோடு வரும் ஆம்பளைகள் ஒவ்வொரு அலமாரி முன்னாலும் நின்று போன் போடுவார்கள். "நீல மூடியா, பச்சை மூடியா?" ஊருக்கே கேட்கும். மாதம் பிறந்தால் பெரிய டப்பா, மாதக் கடைசியில் சின்னப் பொட்டலம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்தான் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு போவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள். பிடி உடைந்த குக்கர், கால் ஆடும் நாற்காலி, மூடாத பெட்டி என்று எதுவாக இருந்தாலும் சரிபண்ணித்தான் தீருவார்கள். இரண்டு ஸ்க்ரூ வேண்டுமென்றால் இரண்டுதான். மூன்றாவதைச் சும்மா கொடுத்தாலும், "இது எதுக்குங்க?" என்று திருப்பி வைத்துவிடுவார்கள். காலையில் கதவு திறந்ததிலிருந்து என் மூலையில் கூட்டம்தான். தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது.

உதிரிச் சாமானில் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. ஒரு வாஷரில் எங்கே ஒட்டுவது? அதனால் சின்னக் காகிதப் பையில் போட்டு, மேலே பென்சிலால் விலையை எழுதிக் கொடுப்பேன். அதை எடுத்துக்கொண்டு பில் போடப் போவார்கள். அங்கே அது என்னவாகிறது என்று நான் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? உட்கார்ந்திருப்பது என் அக்கா.

எனக்கு அப்போது இருந்த தலைவலி வேறு. குடை. மாதம் ஒரு லாரி குடை வந்து இறங்கும். எங்கள் பக்கத்தில் மழை என்பது வருடத்துக்கு ஏழெட்டு நாள், அதுவும் வந்தேன் போனேன் என்று. கிடங்கில் வாளி வைக்க இடமில்லை, துடைப்பம் வைக்க இடமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் குடை. கறுப்பு, பூப்போட்டது, பொத்தானை அமுக்கினால் முகத்தில் வந்து விரிவது. ஒருநாள் மேல் அடுக்கு சரிந்து என் தோள்மேலேயே விழுந்தது. நான் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, குடை அனுப்பாதீர்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுத வைத்தேன். மூன்றுக்கும் ஒரே பதில்: உங்கள் கிளையில் குடை விற்பனை அமோகம், வாழ்த்துகள்.

"எவன்டா வாங்குறான்?" என்று கிடங்குச் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

அதற்கு விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடைத்தது. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "நம் மாநிலம்: நூறு வியப்புகள்" என்று அட்டையில் போட்டிருந்தது.

"மாமா, இதக் கேளு. நம்ம மாநிலத்துல ஆளைவிட ஆடு அதிகமாம்."

"அது பாத்தாலே தெரியுது. அடுத்தது?"

"பதினாலு. குறைந்த மழை, நிறைந்த குடை! நாட்டிலேயே அதிகம் குடை வாங்குபவர்கள் நம் மாநிலத்தவரே. முன்யோசனை மிக்க மக்கள் என்று அறிஞர்கள் பாராட்டுகின்றனர்."

"நம்ம வீட்ல எத்தனை குடை இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பக்கத்து வீட்ல?"

"அவங்களும் பேப்பரைத்தான் தலைல பிடிச்சுட்டு ஓடுவாங்க. ஆனா புக்ல போட்டிருக்கே மாமா." கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தாள். "ஆதாரம்: மாநிலத்தின் மிகப் பெரிய அங்காடியின் விற்பனைப் பதிவு. அது உங்க கடைதானே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, என் சாமானையெல்லாம் எதுல அடிக்கிறே?"

"பில்லுலதான்."

"பில்லுல என்னன்னு அடிக்கிறே?"

"இப்ப எதுக்கு உனக்கு அதெல்லாம்?"

"சொல்லு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, தெருவில் போன சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குடைல."

விஷயம் இதுதான். பில் மெஷினில் எல்லாச் சாமானுக்கும் விலை உள்ளேயே ஏற்றியிருக்கும். நம் விலையைத் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பது ஒரே ஒரு பட்டன், குடைப் பட்டன். எந்தக் காலத்திலோ குடை பலவிதமாக வந்ததால் அப்படி வைத்தார்களாம். என் சாமானுக்கும் நம்பர் இல்லாமல் இல்லை. கால் அங்குல ஸ்க்ரூவுக்கு ஒன்று, அரை அங்குலத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க நம்பர், ஒன்பது பக்கப் பட்டியல். அதைப் புரட்டித் தேடி அடிப்பதற்குள் வரிசை தெருவுக்குப் போய்விடும். அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பட்டியலை மூடி வைத்துவிட்டுக் குடைப் பட்டனைப் பிடித்துக்கொண்டாள்.

"பில்லுல குடைன்னு வருமே, யாரும் கேக்கலையா?"

"பில்லுல மொத்தம் எவ்வளவுன்னு மட்டும்தானே பாப்பாங்க. ஒருத்தர் கேட்டாரு, கீல் வாங்கினேன் குடைன்னு வருதேன்னு. மெஷின் அப்படித்தான் பேசும்னு சொன்னேன், போயிட்டாரு."

"நீ ஒருத்தி அடிச்சதுக்கா மாநிலமே முதலிடம்?"

அவள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. புதிதாக வேலைக்கு எடுக்கும் பெண்களை, எந்தக் கிளைக்குப் போவதாக இருந்தாலும், முதலில் எங்கள் கிளைக்குத்தான் அனுப்புவார்கள். அக்காவிடம் ஒரு மாதம் பழகிவிட்டுத்தான் போவார்கள். பட்டியல் தேடாதே, குடையைத் தட்டு என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முப்பத்தொரு கிளையிலும் ஸ்க்ரூ வாங்கினால் குடை.

சிரிக்கிற விஷயமாகத்தான் அன்று எனக்குப் பட்டது. சிரித்தேன்கூட. மறுநாள் காலை சூப்பர்வைசர் மூச்சு வாங்க என் மூலைக்கு வந்தார்.

"உன் பகுதியை மாசக் கடைசில மூடறாங்கப்பா."

"என்னது?"

"விற்பனை பூஜ்யமாம். போன வருஷக் கணக்குல ஒரு ஸ்க்ரூகூட விக்கலையாம், இப்பதான் கவனிச்சாங்களாம்."

"பூஜ்யமா? இந்தா நிக்கிறாங்களே எட்டுப் பேரு, இவங்க என்ன என் மூஞ்சியப் பாக்கவா வந்திருக்காங்க?"

வரிசையில் நின்ற ஒருவர், "அதுக்கு வரமாட்டோம்" என்றார். யாரும் சிரிக்காமல் இல்லை.

"காகிதம் அப்படிச் சொல்லுதுப்பா, நான் என்ன பண்ணட்டும்? இந்த இடத்துல குடைக் கண்காட்சி வைக்கப் போறாங்க. உன்னை மத்தியக் கிடங்குக்கு மாத்திருக்காங்க."

மத்தியக் கிடங்கு என்பது போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இருட்டில் கிளம்பி இருட்டில் வரவேண்டும். முடியாது என்றால் விலகிக்கொள்ளலாம் என்று காகிதத்தின் கடைசி வரியில் மரியாதையாக எழுதியிருந்தது. இந்த வயதில் விலகி எங்கே போவது? எனக்குத் தெரிந்தது நாற்பத்திரண்டு இழுப்பறை.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. குடை விற்பனையில் முதல் கிளை என்று எங்களைப் படம் எடுக்கவும், என் மூலையை அளந்துகொண்டு போகவும். அவரிடம் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன்.

"நான் அமுக்கினது தப்புன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"தப்பா? நான் பண்ணது வேகம்டா. வரிசை நகரணும்னு பண்ணேன்."

"சரி, அந்த வேகத்துல என் பொழப்பு போகுதே."

"நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? என்னை விடு. நான் பழக்கிவிட்ட பொண்ணுங்க எத்தனை பேரு. ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு வச்சுக் கேப்பாங்க. யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேப்பாங்க."

"அப்ப நான் போறேன் கிடங்குக்கு. பஸ்லயே சாப்பிட்டு, பஸ்லயே தூங்கறேன்."

"ஏன்டா, நீயாவது ஒருநாள் பில்லை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா? அப்பவே பாத்திருந்தா இவ்வளவு தூரம் வருமா?"

கேட்டீர்களா? கடைசியில் தப்பு என்னுடையது. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தினசரியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, "என்கிட்ட கேக்காதே. நான் இந்த வீட்ல இருபத்தி நாலு வருஷமா ஆடறேன், இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிக்கல" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒரே கடை, ஒரே பேருந்து. அவள் முன்பக்கம், நான் பின்பக்கம்.

வியாழன் காலை மேடம் வந்தார். சின்ன வயது, நல்ல மரியாதை. கூட ஒரு போட்டோக்காரர். கவுண்டர்மேல் இரண்டு பூப்போட்ட குடைகளை விரித்து வைத்து அக்காவை நடுவில் உட்காரச் சொன்னார்கள்.

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கம்மா. இயல்பா இருக்கட்டும்."

அக்கா முக்காலியிலிருந்து இறங்கினாள். மெத்தையைத் தூக்கினாள். அதற்குக் கீழே இருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். பத்தொன்பது வருடம் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அது அப்பளம்போல் ஆகியிருந்தது. ஒன்பது பக்கப் பட்டியல். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

முதலில் நின்றவர் கையில் என் காகிதப் பை. உள்ளே இரண்டு கீல். அக்கா பையைப் பிரித்து, ஒரு கீலை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் அளந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேட ஆரம்பித்தாள்.

நான் படிக்கட்டுக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே புரியவில்லை.

"என்னம்மா, ரெண்டு கீலுக்கு இவ்வளவு நேரமா? துருவே பிடிச்சுடும் போல" என்றார் கீல்காரர்.

"முறைப்படி அடிக்கணும் இல்லைங்களா? நாலாம் பக்கம் வந்துட்டேன், கொஞ்சம் பொறுங்க."

அடுத்தவர் மூன்று வாஷர். ஏழாம் பக்கம். அடுத்தவர் நாலு ஸ்க்ரூ, நாலும் நாலு அளவு. எட்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் தட்டினாள். வரிசை சோப்பு அலமாரியைத் தாண்டியது, வாளிகளைத் தாண்டியது, வாசலைத் தாண்டியது.

"பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன் அக்கா, அது காலேஜே முடிச்சுடும்!"

"என்னிக்கும் ஒரே தட்டுல முடிப்பீங்களே, இன்னிக்கு மேடத்தைப் பாத்ததும் வேஷமா?"

மேடம் முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. வரிசையோடு நடந்து ஒவ்வொருவர் கையிலும் இருந்ததை எட்டிப் பார்த்தார். காகிதப் பை, காகிதப் பை, சோப்பு, காகிதப் பை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"குடை யார்கிட்டயும் இல்லையே?"

அப்போதுதான் அக்கா விரலைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இங்க யாரும் குடை வாங்கறதில்ல மேடம். இதெல்லாம்தான் குடை. நான்தான் அமுக்கினேன், பத்தொன்பது வருஷமா. பொண்ணுங்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவங்களக் கேக்காதீங்க." பட்டியலை மூடினாள். "தப்பு என்னோடதுதான்."

பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன். அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். கையிலிருந்த வாஷர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். மூன்று அளவும் கலந்துபோயிற்று.

மேடம் போட்டோக்காரரைப் பார்த்தார். அவர் கேமராவைக் கீழே இறக்கினார். மேடம் அக்காவின் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் எனக்கு அப்புறம் சொன்னார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"சொல்லாதீங்க. புத்தகம் ரெண்டு லட்சம் பிரதி பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போயாச்சு. பரீட்சைல கேள்வியா வரப்போகுது. அந்தக் குடைக் கணக்கை எழுதிக் கொடுத்ததே எங்க பிரிவுதான். நீங்க தப்பு பண்ணதா நான் எழுதினா, நாங்க தப்பு பண்ணதா ஆயிடும். நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. புரியுதா?"

"அப்ப என் தம்பியோட பகுதி?"

மேடம் என் மூலையைப் பார்த்தார். அங்கே நான் தரையில் மண்டிபோட்டு வாஷர் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல தலைதான். அரை மணி நேரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். என் மூலை மூடப்படாது. குடைப் பிரிவின் கிளைப்பகுதியாக அதைச் சேர்த்துவிட்டார்கள். இனிமேல் ஸ்க்ரூவைக் குடைப் பட்டனில் அடிப்பதுதான் முறை. குடை லாரியையாவது நிறுத்துங்கள் என்று நான் போய்க் கேட்டேன். விற்பனை இவ்வளவு இருக்கும்போது எப்படி நிறுத்துவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது என் தலைக்கு மேலே, இடிக்கிற இடத்தில், "குடைகள்" என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து பலகையையும் என்னையும் பார்த்துவிட்டு, "முன்னாடி இங்க ஸ்க்ரூ விப்பாரே ஒருத்தர், அவர் எங்க போனாரு?" என்று கேட்கிறார்கள். நான்தான் அது என்று சொல்லி வாய் வலிக்கிறது. அக்கா மகளுக்குப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. குடை என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிட்டாள். எழுதாதே என்று நான் எப்படிச் சொல்வது?

அக்காவோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழையபடி ஆகிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துக்கொண்டே, "நான் ஒரு தப்பும் பண்ணலன்னு மேடமே சொல்லிட்டாங்க, கேட்டியா?" என்றாள். தினசரிக்குப் பின்னால் மச்சான் தோள் குலுங்கியது. ஆயுசில் ஒருமுறை ஒப்புக்கொண்டாள். அதைக் கையில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

போன வாரம் கடை விட்டு வரும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவதற்குள் தொப்பலாகிவிட்டோம். நிறுத்தத்துக் கூரையில் நாலு ஸ்க்ரூ கழன்று ஓரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அரை அங்குலம், பார்த்தவுடன் தெரிந்தது. அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, நாள் முழுக்கக் கிடங்குல குடைக்கு நடுவுலயே நிக்கிறே. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரணும்னு தோணுச்சா உனக்கு?"